மார்ச்சில் கேட்டால் பதில் இல்லை

மார்ச் மாதம் பாதி கழிந்ததும் என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, ஃப்ரீமாண்ட், சன்னிவேல் என்று இந்தப் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி, ஒரு எலுமிச்சை, கூடவே பெரும்பாலும் ஒரு பீச் மரமும் இருக்கும். வருகிற படமும் ஏறக்குறைய ஒன்றேதான். புதிதாக விட்ட தளிர், காய்ந்த எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரிக் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்து, சிவந்து, தடித்து, சுருண்டு நிற்கும். கீழே ஒரு வரி: "அக்கா, இதுக்கு என்ன அடிக்கலாம்?" என் பதிலும் மாறுவதில்லை. இப்போது அடிக்க ஒன்றுமில்லை. நவம்பர் கடைசியில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. கண் முன்னால் மரம் நோயோடு நிற்கும்போது சும்மா இரு என்று சொன்னால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? சிலர் கடைக்குப் போய் கையில் கிடைத்த பாட்டிலை வாங்கி வந்து அடித்துவிடுகிறார்கள். மே மாதம் வெயில் ஏறியதும் சுருண்ட இலையெல்லாம் கொட்டி, அதே கிளையில் பச்சைப் பசேலென்று நல்ல இலை வருகிறது. மருந்து கேட்டுவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில் அடிக்காமல் விட்டிருந்தாலும் அந்த இலை வந்திருக்கும். அடுத்த மார்ச்சில் அதே வீட்டிலிருந்து மறுபடி படம் வரும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மரம் ஒவ்வொரு வருஷமும் முதல் இலைகளைப் பறிகொடுத்து, சேமித்து வைத்த சத்தைச் செலவழித்து இரண்டாவது தடவை துளிர்க்கிறது. இப்படியே நாலைந்து வருஷம் போனால் காய்ப்பு குறையும், கிளை காயும், கடைசியில் "பீச் நமக்கு ராசியில்லை" என்று வெட்டிப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போன மரங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்பிரேயரும் இரண்டு வேலை நாட்களும் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய மரங்கள்.

இதை யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் ஒன்று உண்டு. நம்மைச் சுற்றி வளர்ந்தவை முருங்கை, கொய்யா, வேம்பு, புளி. மரத்தை வச்சவன் தண்ணி ஊத்துவான் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். புளியமரத்துக்கு யாரும் மருந்தடித்து நான் பார்த்ததில்லை. ஏதாவது கெட்டுப்போனால் பார்க்கலாம், அதுவரை மரம் அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்பது நம் பழக்கம். பீச் மரத்திடம் இந்தப் பழக்கம் செல்லாது. அதன் முக்கியமான வேலைகள் எல்லாம் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாத நாட்களில் வருகின்றன. குறை தெரிந்த பிறகு தொடங்குகிறவருக்கு அந்த வருஷம் கைவிட்டுப் போயிருக்கும்.

குளிர்காலத்தில் நடக்கிற காரியம்

இலைச்சுருட்டுக்குக் காரணம் டாப்ரினா டிபார்மன்ஸ் என்ற பூஞ்சை. போன வசந்தத்தில் சுருண்ட இலையின் மேல் சாம்பல் வெள்ளையாக ஒரு பொடி படிந்திருக்குமே, அதுதான் அதன் வித்து. காற்றிலும் தண்ணீரிலும் பரவிப் பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் ஒட்டிக்கொண்டு கோடை முழுக்க அசையாமல் கிடக்கும். மரத்தைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். இங்கே மழைக்காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகிறது. அந்த மழையில் வித்துகள் நனைந்து பெருகும். பிப்ரவரியில் மொட்டு புடைத்துச் செதில் விரியத் தொடங்கும்போது, குளிரோடு அரை நாளுக்கு மேல் ஈரம் நின்றால் போதும், மொட்டுக்குள் இன்னும் மடிந்து கிடக்கிற இலைக்குள் நுழைந்துவிடும். இலை விரிந்து இரண்டு வாரம் கழித்து நாம் பார்க்கிற கொப்புளம் அப்போதே தீர்மானமாகிவிட்டது. பூஞ்சை இலையின் உள்ளே இருக்கிறது. மேலே என்ன தெளித்தாலும் அதைத் தொடாது.

அதனால்தான் இந்தப் பூஞ்சையைக் கொல்லும் செம்பு மருந்தை இலை கொட்டி முடிந்ததும், அதாவது நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ அடிக்க வேண்டும். மழை அதிகமான வருஷம் என்றால் மொட்டு புடைப்பதற்கு முன், ஜனவரி கடைசி பிப்ரவரி தொடக்கத்தில், இன்னொரு தடவை. மொட்டை மரத்தில் ஒவ்வொரு கிளையும் சொட்டச் சொட்ட நனைய வேண்டும், முக்கியமாக மொட்டு இருக்கும் கணுக்கள். மழை இல்லாத, காற்றில்லாத நாளாகப் பார்த்து அடிக்க வேண்டும். பச்சை இலை வந்த பிறகு மொட்டை மரத்துக்கான அளவில் செம்பு அடித்தால் இலை கருகும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செம்பு மண்ணில் மக்கிப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். ஓடைக்குப் போனால் மீனுக்கும் தண்ணீர்ப் பூச்சிகளுக்கும் கேடு. வீட்டு வாசல் சாக்கடை நேராக சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குப் போகிற ஊர் இது. டப்பாவில் குறித்த அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூடப் போடாதீர்கள்.

மார்ச்சில் படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். அடியில் பச்சைப் புள்ளிகளாக அசுவினி மொய்த்திருந்தால் அது வேறு கதை. நம் ஊர் மிளகாய்ச் செடியில் வந்து இலையை முறுக்குகிற அதே அசுவினிதான், குளிர்ப் பிரதேசங்களில் பீச் மரத்தில் முட்டையிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கும். அதன் சுருளில் கொப்புளமும் தடிப்பும் இருக்காது. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி ஓடிவிடும். கொப்புளம் இருந்தால் பூஞ்சை. அப்போது செய்யக்கூடியது மரத்துக்குச் சுமை குறைப்பதுதான். தண்ணீர் வாட விடாமல் இருப்பது, கொஞ்சம் தழைச்சத்து கொடுப்பது, வழக்கத்தைவிடக் குறைவாகக் காய் விடுவது. சுருண்ட இலைகளை உட்கார்ந்து கிள்ளுவதால் பெரிய பயன் ஒன்றும் இல்லை, அவை தானாகவே கொட்டிவிடும்.

அப்பா பார்த்த மொட்டை மரம்

இதையெல்லாம் நான் சொல்லாமலே புரிந்துகொண்ட ஒரே ஆள் என் அப்பா. கம்பம் பக்கத்தில் பன்னீர்த் திராட்சைப் பந்தல் வைத்திருந்தவர். ஒரு டிசம்பரில் அம்மாவும் அவரும் இங்கே வந்தார்கள். மறுநாள் காலை குல்லா போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனவர் ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால் இலையில்லாத பீச் மரத்தின் ஒரு கிளையைக் கைக்கு வளைத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். போன வருஷம் விட்ட சிம்பு வெயில் பட்ட பக்கம் சிவப்பாகவும் அடிப்பக்கம் பச்சையாகவும் வழவழவென்று இருக்கும். அதற்கு முந்தைய வருஷத்துக் கட்டை சாம்பல் நிறம். அந்தச் சிவப்புச் சிம்பில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். "கண்ணு மூணு மூணா இருக்கு பாப்பா. நடுவுல கூர்மையா ஒண்ணு, ரெண்டு பக்கமும் குண்டா, பூனமசுரு மாதிரி மூடிக்கிட்டு ரெண்டு. குண்டா இருக்கிறது பூவா?" ஆமாம் என்றேன். "சாம்பக் கட்டையில ஒண்ணுமே இல்லையே. அப்ப போன வருசச் சிம்புலதான் காய்க்கும்? இது திராட்ச கணக்குதான்."

அவ்வளவுதான், கவாத்துக் கத்தரியை வாங்கிக்கொண்டார். நான் பல்கலைக்கழகக் கையேடுகளைப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கையே சொல்லியது. பீச் பழம் போன வருஷம் வளர்ந்த சிம்பில் மட்டும்தான் வரும், ஒரு தடவை காய்த்த இடத்தில் மறுபடி காய்க்காது. வெட்டாமல் விட்டால் புதுச் சிம்பு ஒவ்வொரு வருஷமும் இன்னும் உயரத்தில், இன்னும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். உள்கிளைகள் நிழலில் காய்ந்து, கடைசியில் பழம் எல்லாம் அணிலுக்கு மட்டும் எட்டுகிற உச்சியில் நிற்கும். அதனால் வருஷம் தவறாமல் போன வருஷ வளர்ச்சியில் பாதியை எடுத்துவிட வேண்டும். நடுவைத் திறந்துவிட்டு, மூன்று நான்கு பெருங்கிளைகள் கிண்ணமாக வெளியே விரியும்படி வைக்க வேண்டும். ஆப்பிளையோ எலுமிச்சையையோ இந்த அளவு வெட்டுவதில்லை. பழ மரங்களில் இவ்வளவு கடுமையாக வெட்டச் சொல்வது பீச்சையும் அதன் மொழுமொழுத் தம்பியான நெக்டரினையும்தான். அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "நடுவுல வெயில் விழணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வெட்டினார். தரையில் விழுந்த குவியல் மரத்தில் மிச்சம் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அவருக்கு ஒன்று மட்டும் புதிராக இருந்தது. "வெட்டுனதுலருந்து எத்தன நாள்ல துளுக்கும்?" என்று கேட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. விவசாயி கவாத்து செய்கிற நாள்தான் கொடிக்குப் பருவம். வெட்டினால் கண் வெடிக்கும், அந்த நாளிலிருந்து எண்ணி அறுவடைத் தேதியைச் சொல்லிவிடுவார்கள். இங்கே வெட்டுவதால் எதுவும் விழிக்காது. பீச் மொட்டுக்குக் குளிர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழித்தால்தான் உறக்கம் கலையும். பல ரகங்களுக்கு 600 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். ஃப்ளோரிடா பக்கம் உருவாக்கிய ரகங்களில் சிலவற்றுக்கு 300 மணி நேரத்துக்கும் குறைவாகப் போதும். குளிர் பற்றாத வருஷங்களில் பூ ஒரே சமயத்தில் வராமல் இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் பூக்கும், இலை தாமதமாகும், காய் பிடிப்பது குறையும். நாற்றுக் கடையில் பழத்தின் படத்தைப் பார்த்துக் கன்று வாங்குகிறவர்கள் அட்டையில் இருக்கும் இந்த மணிக்கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதான் கொடைக்கானல்ல காய்க்கிறது நம்ம கம்பத்துல காய்க்க மாட்டேங்குது" என்றார். சரிதான். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பீச் வருகிறதென்றால் அங்கே உயரம் கொடுக்கிற குளிரும், அந்தக் கொஞ்சக் குளிரே போதும் என்கிற ரகமும் பொருந்தியதால்தான்.

செம்பு மருந்துப் பேச்சு வந்ததும் அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, தனி வாளியிலும் சுண்ணாம்பைத் தனி வாளியிலும் கரைத்து ஒன்றாக ஊற்றுகிற போர்டோ கலவையை ஆயுள் முழுக்கத் திராட்சைக்கு அடித்தவர். பிரான்சின் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கு அந்தக் கலவை கேட்கிறது என்று மில்லார்டே என்ற பேராசிரியர் 1885இல் எழுதியதிலிருந்து அது உலகம் சுற்றி வந்திருக்கிறது. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அப்பா அரிவாள் நுனியை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அப்படியே அடித்தால் கருகிவிடும். நான் வைத்திருந்தது கடையில் விற்கிற, தண்ணீரில் கலந்து அடிக்கிற தூள். அதன் ஊதா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நோய் வந்த பிறகு அடிப்பீர்களா, வருவதற்கு முன்னாலா என்று அவர் கேட்கவே இல்லை. முன்னால் அடிப்பது அவருக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்லை.

பிஞ்சு கலைத்த நாள்

அம்மாவோடுதான் சிக்கல் வந்தது. அதுவும் நான் எதிர்பாராத இடத்தில்.

பூத்து முடிந்து, காம்பில் காய்ந்த பூவின் தோல் கழன்று விழுந்து, ஏப்ரல் கடைசியில் பிஞ்சுகள் கட்டைவிரல் நுனி அளவுக்கு வந்திருந்தன. அந்த வருஷம் பூக்காலத்தில் மழை குறைவு, பூவெல்லாம் காயாகிவிட்டது. ஒரு சாண் சிம்பில் ஆறு ஏழு பிஞ்சு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. பச்சை வெல்வெட்டில் பொதிந்த மாதிரி இருந்தவற்றை அம்மா தினமும் காலையில் காப்பியோடு போய்ப் பார்த்து வருவார். நான் கலைக்க ஆரம்பித்த அன்று பின்னாலேயே வந்து நின்றவர், முதல் கைப்பிடி தரையில் விழுந்ததும் என் கையைப் பிடித்துவிட்டார். "ஏண்டி, புள்ளத்தாச்சி மரத்துல போயி பிஞ்சப் பிக்கிற? யாராச்சும் செய்வாங்களா இத?"

நான் கணக்குச் சொன்னேன். ஒரு பழம் நல்ல அளவுக்கு வந்து இனிக்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் முப்பது நாற்பது இலை உழைக்க வேண்டும். எல்லாப் பிஞ்சையும் விட்டால் எல்லாமே எலுமிச்சை அளவில் நின்றுவிடும், தோலும் கொட்டையுமாக. பூத்ததில் பத்தில் ஒன்று நின்றாலே மரத்துக்கு முழுக் காய்ப்பு. பீச் கட்டை உறுதியில்லாதது, ஜூலையில் பாரம் தாங்காமல் முழுக்கிளையும் பட்டையோடு கிழிந்து வரும். காய்க்கே எல்லாச் சத்தும் போனால் இந்த வருஷம் புதுச் சிம்பு விடாது, அப்புறம் அடுத்த வருஷம் காய்க்க இடம் எங்கே? கொட்டை இறுகுவதற்கு முன்னால் கலைத்தால்தான் பலன், பிந்தினால் எடுத்தும் பிரயோஜனமில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கையையும் விடவில்லை.

அப்பா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "பருத்தியில பயிர் கலைக்க நீதான போவ. ரெண்டு செடி ஒரு குழியில நின்னா ஒண்ணப் புடுங்கிப் போட மாட்ட?"

"அது செடி. இது காய். காய் வச்ச பெறகு கலைக்கிறது வேற."

எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. விளைச்சல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அம்மா கணக்குப் பேசவில்லை. அவர் ஊரில் முதல் காய்ப்பு மாமரத்தைக் கண்ணேறு படாமல் பழைய சேலையைக் கட்டி வைப்பார்கள். காற்றடித்து மாம்பிஞ்சு கொட்டின ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். கொட்டாமல் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதையே கையால் பிய்த்துப் போடு என்று அவரிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தயக்கம் இருக்கிறவர்கள்தான் மரத்தைத் தினமும் போய்ப் பார்க்கிறவர்கள். பீச் மரத்துக்கு அதுவும் தேவைப்படுகிறது.

நான் கலைப்பதை நிறுத்திவிட்டு ஒரு கொத்தை மட்டும் அவரிடம் காட்டினேன். ஒரே கணுவில் இரண்டு பிஞ்சு, ஒன்றை ஒன்று அழுத்தி, ஒன்றின் விலாவில் மற்றது பதிந்து தட்டையாகியிருந்தது. காம்பு பீச்சுக்கு மிகவும் குட்டை, கிளையோடு ஒட்டியே இருக்கும். இரண்டும் பெருத்தால் ஒன்று மற்றதை நெம்பித் தள்ளிவிடும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது ரெண்டும் நிக்காதே" என்றார். எது நிற்கும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தட்டையானதைப் பிடித்து, இழுக்காமல், மெல்லத் திருகினார். கிளைத் தோல் உரியாமல் வந்துவிட்டது. நான் அதுவரை இழுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை மல்லிகை கிள்ளிப் பழகிய கை.

அன்று முழுக்க அவர்தான் கலைத்தார், நான் பக்கத்தில் நின்றேன். முக்கால் சாணுக்கு ஒன்று என்று நான் சொன்ன இடைவெளியை அவர் அளக்கவே இல்லை. முதலில் வடு விழுந்ததும் புழு கடித்ததும் போயின. பிறகு இரட்டைகளில் ஒன்று. கிளையின் மேல் முதுகில் உட்கார்ந்திருப்பதை எடுத்துவிட்டு அடியில் தொங்குவதை விட்டார். மேலே இருப்பது பெருத்தால் சாயும், வெயிலும் நேராக விழும் என்றார். பக்கத்தில் நல்ல இலைக் கொத்து இருக்கிற பிஞ்சு சின்னதாக இருந்தாலும் விட்டார். இலையில்லாத நுனியில் பெரிதாக நின்றதை எடுத்தார். எடுத்த ஒவ்வொன்றையும் தரையில் போடாமல் முந்தானையில் சேர்த்தார். உச்சிக் கிளை ஒன்றை மட்டும் தொட விடவில்லை. "அது சாமிக்கு" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஒரு முட்டுக்கொம்பு கொடுத்து நிறுத்தினேன்.

சேர்ந்த பிஞ்சை மாவடு மாதிரி உப்பில் போடலாமா என்று அம்மா கேட்டபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். பீச் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் அமிக்டலின் உண்டு, உடம்புக்குள் போனால் சயனைடைக் கிளப்பும். வாதாம் மாதிரி இருக்கிறதே என்று குழந்தைகள் முற்றிய கொட்டையை உடைத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா ஒவ்வொரு பிஞ்சாக நறுக்கி, நடுவில் இருந்த வெள்ளைக் குழைவை வழித்தெடுத்துவிட்டு, சதையை மட்டும் உப்பிலும் மிளகாய்ப் பொடியிலும் போட்டார். துவர்ப்பு கொஞ்சம் தூக்கல். தயிர்ச்சாதத்துக்கு நன்றாகவே இருந்தது.

பிசின் வடிந்தால்

மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே மேலே சொன்ன வழியில்தான் போகின்றன. அடிமரத்தில் பிசின் வடிந்தால் பயந்துவிடாமல் விரலில் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் வெட்டுக்காயம், வெயில் வெடிப்பு, தண்ணீர்க் குறை என்று பல காரணம் இருக்கலாம். பிசினோடு மரத்தூள் மாதிரிப் பழுப்புத் துகள் கலந்திருந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. அது மண்மட்டத்தில்தான் நுழையும். மண்ணை விலக்கி, துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுக்கலாம். அதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது, அடிமரத்தை ஒட்டிச் சருகையும் மரச்சீவலையும் குவிக்காமல் ஒரு சாண் தள்ளி வைப்பது. வீட்டுச் சுவருக்கு உள்ளே அடிக்கிற வெள்ளை லேடெக்ஸ் பெயிண்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அடிமரத்தில் பூசினால் வெயில் வெடிப்பு வராது. வெடிப்பைத் தேடி வருகிற பூச்சியும் குறையும்.

பழுப்பு அழுகல் இன்னொன்று. பழத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து இரண்டு மூன்று நாளில் முழுக்கப் பரவி, மேலே சாம்பல் பொடி பூக்கும். கோடையில் மழையில்லாத இந்த ஊரில் அது ஜியார்ஜியா, தென் கரோலினா அளவுக்கு ஆட்டம் போடுவதில்லை, ஆனால் பூக்காலத்து மழையில் பூவைக் கருக்கும். சுருங்கிக் காய்ந்து மரத்திலேயே தொங்கும் பழங்களில்தான் அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. கவாத்தின்போது அவற்றை ஒன்றுவிடாமல் பறித்துக் குப்பையில் போட வேண்டும், மரத்தடியில் போடக் கூடாது. நெருக்கமாகத் தொடும் பழங்களுக்கு இடையேதான் அழுகல் வேகமாகத் தாவும். பிஞ்சு கலைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழம் பறிப்பதில் எல்லோரும் சிவப்பைப் பார்க்கிறார்கள். சிவப்பு வெயில் பட்ட பக்கம் பச்சைக்காயிலேயே வந்துவிடும். பார்க்க வேண்டியது சிவப்பில்லாத பக்கம், காம்பை ஒட்டிய அடிநிறம். பச்சை போய் மஞ்சள் ஏறியிருக்க வேண்டும். பக்கத்தில் போனாலே மணக்க வேண்டும். கொஞ்சம் கெட்டியாகப் பறித்ததை உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் நாட்கணக்கில் கிடந்த காய் பிறகு பழுத்தாலும் சதை மாவாகி, சாறில்லாமல் போய்விடும். கடையில் வாங்கிய பீச் சப்பென்று இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மேஜை மேல் காகிதப் பையில் வைத்துப் பழுக்கவிட்டு, பழுத்த பிறகு வேண்டுமானால் உள்ளே வையுங்கள்.

எங்கள் மரத்துக்கு வயதாகிவிட்டது. வீட்டை விற்றவர்கள் வைத்தது, பீச் மரம் பொதுவாகப் பதினைந்து இருபது வருஷத்துக்கு மேல் நல்ல காய்ப்போடு நிற்பதில்லை. பக்கத்தில் இன்னொன்று வைக்க ஃப்ராஸ்ட் என்ற ரகத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். இலைச்சுருட்டைத் தாங்குகிற ரகம், ஆனாலும் முதல் இரண்டு மூன்று வருஷம் அதற்கும் குளிர்கால மருந்து உண்டு. தாங்கும் ரகம்தானே என்று விட்டால் இளங்கன்றிலேயே அடிபட்டுவிடும். இலையும் மண்ணும் இல்லாமல் வேரோடு மட்டும் கட்டி விற்கிற கன்று ஜனவரியில் வரும். நட்ட அன்றே அதை முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும், அப்போதுதான் கிளை தாழ்வாகப் பிரிந்து ஏணியில்லாமல் பறிக்க எட்டும். அப்பாவிடம் போனில் சொன்னேன். வெட்டுவதற்கு முன்னால் கன்றை வீடியோவில் காட்டச் சொல்லியிருக்கிறார், எந்தக் கண்ணுக்கு மேலே கத்தரி வைப்பது என்று பார்த்துச் சொல்வாராம்.